கை சொன்ன நம்பர்

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிச் சங்கு ஊதும்போது ஆறுமுகசாமி தாம்பாளத்தைத் திரும்பப் பரண்மேல் வைக்கச் சொன்னார்.

ஜானகியம்மாள் வைக்கவில்லை. அப்போதுதான் அதைத் துலக்கி முடித்திருந்தாள். ஈரத்தோடு மடியில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்தாள்.

"நாலு மணிக்கு நேரம் குறிச்சிருக்குதுங்க."

"குறிச்சவங்க போகட்டும். நான் வரல."

அன்று மாலை திருப்பூரை அடுத்த மண்ணரையில் மாரப்பன் வீட்டில் வெற்றிலை மாற்றுவதாக இருந்தது. மாரப்பன் ஜானகியம்மாளின் தம்பி. அவர் மகள் மருதாளை ஆறுமுகசாமியின் மகன் மயில்சாமிக்குப் பேசி முடித்திருந்தார்கள். உரிமையுள்ள பெண். இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. குறை சொல்ல எதுவும் இல்லை, அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

செவ்வாய்க்கிழமை நூல் கடைவீதியில் நடந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். மாரப்பன் நூல் ஏஜெண்ட். அக்காள் புருஷனின் பனியன் கம்பெனிக்கு முப்பத்துநாலாம் நம்பர் நூல் அனுப்பியிருந்தார். ஆறுமுகசாமி அதில் ஒரு நூல் கோனைக் கடைவீதிக்குக் கொண்டுவந்து பிரித்தார். நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். கண்ணை மூடித் திறந்தார்.

"இது முப்பத்துநாலு இல்ல. முப்பது."

நம்பர் ஏற ஏற நூல் மெலியும், விலை கூடும். முப்பதை முப்பத்துநாலு என்று விற்பவனுக்கு ஒரு பெயர் உண்டு. ஆறுமுகசாமி அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே கடைவீதிக்குக் கேட்டது.

எடை போட்டுப் பார்த்துவிடலாம் என்றார் மாரப்பன். யாரும் அசையவில்லை. நெசவுக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் கையால் நம்பர் சொன்ன பிறகு அந்த நூலைத் தராசில் ஏற்றுவது கடைவீதியில் வழக்கமில்லை. ஏற்றினால் அவரைப் பொய்யர் என்று சொன்னதாக ஆகும். ஆறுமுகசாமி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்போது வெள்ளிக்கிழமை. அவர் குளித்து, விபூதி பூசி, முருகன் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டார். பிறகு வீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பெனிக்குப் போனார்.

ஜானகியம்மாள் வெகுநேரம் அங்கேயே இருந்தாள். ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி. மடியிலிருந்த தாம்பாளத்தின் ஈரம் சேலையில் இறங்கியது.

மகள் தெய்வானை வந்து தாம்பாளத்தை வாங்கித் துடைத்து அலமாரியில் வைத்தாள். பரண்மேல் வைக்கவில்லை.

*

தெய்வானை ஆறுமுகசாமியின் மூத்த பெண். சென்னையில் உளவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவள் வயதுப் பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருக்க, அவள் ஒரு பை நிறையப் புளியங்கொட்டையோடு திருப்பூரிலும் பெருமாநல்லூரிலும் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள். அது என்ன படிப்பு என்று உறவுக்காரர்களுக்கு விளங்கவில்லை. புளியங்கொட்டைப் படிப்பு என்று பெயர் வைத்தார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பேராசிரியருக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் பெயரையே அவளும் எழுதினாள்.

அவள் கேட்டது ஒன்றுதான். ஒருவர் ஒன்றை நிச்சயம் என்று சொல்லும்போது, அந்த நிச்சயத்தில் எவ்வளவு சரி?

முதலில் சதவீதம் கேட்டுப் பார்த்தாள். கணக்கு எழுதுகிறவர்களே விழித்தார்கள். பிறகுதான் கொட்டைகள். பத்துக் கொட்டையைக் கையில் கொடுப்பாள். இந்தத் துணி என்ன நம்பர் நூல் என்று கேட்பாள். சொன்ன பிறகு, "எவ்வளவு நிச்சயமோ அத்தனை கொட்டையை இந்தக் கிண்ணத்துல போடுங்க" என்பாள். சந்தேகமே இல்லை என்றால் பத்து. பாதிக்குப் பாதி என்றால் ஐந்து. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஒரு தடவை சொன்னால் போதுமாக இருந்தது.

ஏழு மாதம் இதைச் செய்தாள். வெயிலில் நின்றாள். வாசலோடு திருப்பி அனுப்பியவர்களிடம் மறுநாள் போனாள். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவரிடமும் பத்துக் கொட்டை கொடுத்தாள்.

கிடைத்த விடை அவளையே மலைக்க வைத்தது. சலவைப் பட்டறையில் துணி காயப்போடுகிறவர்களிடம், இன்று சாயங்காலத்துக்குள் காயுமா என்று காலையில் கேட்டாள். ஆறு கொட்டை வைத்தார்கள், எட்டு வைத்தார்கள். எட்டு வைத்த நாட்களில் பத்துக்கு எட்டு நாள் காய்ந்தது. கையால் நூல் நம்பர் சொல்கிறவர்கள் எப்போதும் பத்து வைத்தார்கள். பாதி தப்பு.

இரண்டு கூட்டத்தாரும் அதே ஊர்க்காரர்கள். அதே அனுபவம். வித்தியாசம் எங்கே என்று அவள் பல நாள் யோசித்தாள். காயப்போடுகிறவர்களுக்குச் சாயங்காலமே வெயில் விடை சொல்லிவிடுகிறது. நம்பர் சொல்கிறவர்களுக்கு யாரும் விடை சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்பதுதான் மரியாதை.

அவள் அப்பா நம்பர் சொல்கிறவர்.

*

பத்து மணிக்குக் கரண்ட் போனது. அந்தக் கோடை முழுக்க அப்படித்தான். நிட்டிங் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்கள் டீ குடிக்கப் போனார்கள்.

மயில்சாமி அக்காவைக் குடோனுக்குள் அழைத்துப் போனான். மாரப்பன் அனுப்பிய கோன்கள் பெட்டியோடு அங்கே கிடந்தன.

அப்பாவிடமும் கொட்டை வைத்துக் கேட்டாயே, என்ன வந்தது என்று கேட்டான். மாசி மாதம் அவரும் உட்கார்ந்து சொன்னது அவனுக்குத் தெரியும்.

தெய்வானை சொல்ல மறுத்தாள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வதில்லை என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள். அப்பாவுக்கும் கொடுத்திருந்தாள்.

"மாமா திருடன்னு ஊரே பேசுது. உம்பட வாக்குத்தான் பெருசா?"

"அவரோடதை அவர்கிட்டச் சொல்லலாம். அதுக்கு வாக்குக் குறுக்க நிக்காது."

"அப்ப சொல்லு. அவரு கை தப்பு, மாமா நூலு சரின்னு சொல்லு."

"மாமா நூலு சரின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மயில்சாமி பெட்டிமேல் உட்கார்ந்தான். நேற்றுச் சாயங்காலம் மருதாளைக் கோயிலில் பார்த்திருந்தான். எப்போதும் சிரிக்கிறவள், தலையை ஒரு தடவை அசைத்துவிட்டுத் தாயோடு போய்விட்டாள்.

"இத்தனை படிச்சிருக்கற. ஒரு வார்த்தை நிச்சயமாச் சொல்ல மாட்டியா அக்கா?"

அப்பாவிடம் பேசுகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

"கேப்பாரா?"

தெய்வானை யோசித்தாள். தம்பிக்காகக் கூட்டிச் சொல்லவில்லை.

"பத்துக்கு ரெண்டு."

*

ஆறுமுகசாமி கட்டிங் டேபிளில் தனியாக நின்றிருந்தார். கத்தரி வெட்டக் கரண்ட் வேண்டியதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் துணியை அடுக்கி, அளவுப் பலகையை வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். மகள் வந்ததைப் பார்த்தார். வெட்டுவதை நிறுத்தவில்லை.

"உங்கம்மா அனுப்புனாளா?"

"இல்லீங்க. மாசி மாசம் எனக்கு நம்பர் சொன்னீங்கல்ல, அதச் சொல்லலாமுன்னு வந்தேனுங்க."

"அதுக்கு இன்னைக்குத்தான் நாளா?"

"இன்னைக்குத்தானுங்க."

அவர் சிரித்தார். மகளின் படிப்பில் அவருக்குப் பெருமை உண்டு. கடைவீதியில் அவள் பெயரை அடிக்கடி எடுப்பார்.

"சொல்லு. எனக்கு எத்தனை மார்க்கு?"

அவள் சொன்னாள். சோதனைக்கு வைத்த துணித் துண்டுகளுக்கு நடுவில் ஒரே துணியை இரண்டு தடவை வைத்திருந்தாள். எல்லோருக்கும் அப்படித்தான் வைத்தாள். முதல் தடவை அவர் முப்பது என்றார். சற்று நேரம் கழித்து அதையே நாற்பது என்றார். இரண்டு தடவையும் பத்துக் கொட்டை வைத்தார்.

கத்தரி நின்றது.

"இருக்காது."

"இருந்துதுங்க."

"அன்னைக்குக் காச்சல் கண்டிருக்கும். இப்ப வை."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். வலது கையைப் பின்னால் நீட்டினார். கட்டிங் டேபிளில் வெட்டுத் துண்டுகள் நிறையக் கிடந்தன. தெய்வானை ஒன்றை எடுத்து அவர் விரலில் வைத்தாள்.

அவர் அவசரப்படவில்லை. உருட்டினார், இழுத்தார், நகத்தால் தடவினார். முப்பத்துநாலு என்றார்.

அவள் வாங்கிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து வைத்தாள்.

"இது முப்பது. கனமா இருக்குது."

மறுபடி வாங்கினாள். மறுபடி வைத்தாள்.

"இது முப்பத்துநாலுதான். நல்ல நூலு."

தெருவில் ஒரு சோடாக் கடைக்காரன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிபட்டன. அந்தச் சத்தம் போகும்வரை அவர் சுவரைப் பார்த்தபடியே நின்றார். பிறகு கேட்டார்.

"எத்தனை துணி வச்சே?"

"ஒண்ணுதானுங்க."

அவர் திரும்பினார். மகள் கையில் இருந்தது அந்த ஒரு துண்டு மட்டும். டேபிளின் மற்ற துண்டுகள் கலையாமல் இருந்தன. அவர் தன் விரல்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எம்பட கை மட்டுந்தான் இப்படியா?"

"இல்லீங்கப்பா. கையில நம்பர் சொல்ற எல்லாரும் ஏறக்குறைய இப்படித்தானுங்க. வருசம் கூடக் கூடக் கொட்டைதான் கூடுது. சரி கூடல."

"ஏன்?"

"யாரும் எடை போட்டுப் பாக்கலீங்க. பாத்திருந்தா கை கத்துக்கிட்டிருக்கும்."

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் எத்தனை பேருக்கு நம்பர் சொல்லியிருப்பார். எத்தனை பேர் தலையாட்டிவிட்டு நூலைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. முகத்தில் வந்து போனது.

"அப்ப மாரப்பன் நூலு சரீங்கற."

"அது தெரியாதுங்க. இந்தத் தடவை உங்க கை சரியாக்கூட இருக்கலாம்."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா அம்மிணி இத்தனை வருசம் படிச்சே?"

"ஆமாங்கப்பா."

அவள் குரல் தணியவில்லை, உயரவுமில்லை. ஆறுமுகசாமி மகளை நிமிர்ந்து பார்த்தார். ஊரில் அவரிடம் தெரியாது என்று சொல்கிறவர்கள் உண்டு. பயத்தில் சொல்வார்கள், தப்பித்துக்கொள்ளச் சொல்வார்கள். தெரியாது என்பதை ஒருத்தி இப்படி நிமிர்ந்து நின்று சொல்லி அவர் கேட்டதில்லை.

அவளைப் போகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

*

மதியச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. இரண்டு மணிக்குக் குடோன் கதவு திறந்தது. ஆறுமுகசாமி மாரப்பனின் பெட்டியிலிருந்து ஒரு கோனை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். சைக்கிளை எடுத்தார்.

ஜானகியம்மாள் வாசலுக்கு ஓடிவந்தாள். எங்கே என்று கேட்கவில்லை. சைக்கிள் கடைவீதிப் பக்கம் திரும்புவதைப் பார்த்ததும் உள்ளே போய் அலமாரியிலிருந்து தாம்பாளத்தை எடுத்தாள்.

மயில்சாமி அக்காவைத் தேடிவந்தான்.

"ரெண்டுன்னு சொன்னியே."

"ரெண்டுன்னா நடக்காதுன்னா அர்த்தம்? பத்துக்கு ரெண்டு தடவை நடக்கும்."

அவனுக்கு அந்தக் கணம்தான் புளியங்கொட்டைப் படிப்பு கொஞ்சம் விளங்கியது. அப்பாவுக்குப் பின்னாலேயே போகலாம் வா என்று அவளைக் கூப்பிட்டான். அவள் வர மறுத்துவிட்டாள். அப்பா தனியாகப் போகட்டும் என்றாள். அதனால் மயில்சாமி மட்டும் போனான். அவன் பார்த்து வந்து சொன்னதுதான் இனி.

நம்பர் பார்க்கும் தராசு கடைவீதியில் ராசப்பன் கடையில் இருந்தது. நூலை அளவாகச் சுற்றி எடுத்து அதன் கொக்கியில் தொங்கவிட்டால் முள் போய் நம்பரில் நிற்கும். ஆறுமுகசாமி உள்ளே நுழைந்ததும் ராசப்பன் எழுந்து நின்றார். கோனை வைத்து, எடை போடச் சொன்னார் ஆறுமுகசாமி.

ராசப்பன் கோனைத் தொடவில்லை. நீங்கள் கையில் பார்த்துச் சொன்ன பிறகு எடை எதற்கு என்றார். கடைவீதியே நீங்கள் சொன்னதைத்தான் பேசுகிறது என்றார். டீ வரவழைக்கிறேன் என்றார்.

"போடுங்க ராசப்பா."

இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் பக்கத்துக் கடைக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். ராசப்பன் நூலைச் சுற்றி எடுத்தார். கொக்கியில் மாட்டினார். முள் ஆடியது. நின்றது.

ராசப்பன் முள்ளைப் பார்த்தார். ஆறுமுகசாமியைப் பார்த்தார்.

"தராசு கொஞ்சம் பழசுங்க. முன்னப் பின்ன காட்டும்."

ஆறுமுகசாமி குனிந்து தாமே பார்த்தார். முள் முப்பத்துநாலில் நின்றிருந்தது.

இன்னொரு இடத்திலிருந்து நூல் எடுத்துப் போடச் சொன்னார். மறுபடி முப்பத்துநாலு. ராசப்பன் கோனைத் துண்டில் சுற்றித் திருப்பிக் கொடுக்க அவசரப்பட்டார். தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் அவர் என்பதுபோல இருந்தது.

"இதுக்கு முந்தியும் எனக்காக உங்க தராசு பழசாகியிருக்குதா?" என்று கேட்டார் ஆறுமுகசாமி.

ராசப்பன் துண்டின் நுனியைச் சரிசெய்தார். கேட்டவருக்கு அது போதும்.

ஆறுமுகசாமி வாசலில் நின்றவர்கள் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தாமல் சொன்னார். மாரப்பன் நூல் முப்பத்துநாலுதான். செவ்வாய்க்கிழமை நான் சொன்னது தப்பு.

அவ்வளவுதான். கோனை எடுத்துக்கொண்டு இறங்கினார். கூட்டம் விலகி வழிவிட்டது. இனி மாமனார் வீட்டில் தான் தலைகுனிய வேண்டியதில்லை என்றெல்லாம் மயில்சாமிக்கு அப்போது தோன்றவில்லை. அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது வளையாமல் சைக்கிள் ஏறியது.

*

நாலு மணிக்கு மண்ணரையில் மாரப்பன் வீட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. ஜானகியம்மாள் தாம்பாளத்தோடு இறங்கினாள். வெற்றிலை, பாக்கு, பூ, தேங்காய். மயில்சாமி சலவைச் சட்டையில் இருந்தான். தெய்வானையை நீயும் வா என்று அப்பாவே கூப்பிட்டிருந்தார். கல்யாணமாகாத மூத்தவள் தம்பியின் நிச்சயத்தில் முன்னால் நிற்கலாமா என்று ஜானகியம்மாள் தயங்கினாள். நிற்கலாம் என்றார்.

மாரப்பன் வாசலுக்கு வந்தார்.

"வாங்க மாமா. வாக்கா. வாங்க மாப்பிள்ளை. வா கண்ணு."

வீட்டுக்கு வந்தவர்களை வா என்று சொல்வதில் அவர் குறை வைக்கவில்லை. பாய் விரித்திருந்தது. சொம்பில் தண்ணீர் வந்தது. ஆனால் பந்தல் கால் இல்லை, அக்கம்பக்கத்தார் இல்லை. உள்ளறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் மருதாள் இருக்கிறாள் என்று மயில்சாமிக்குத் தெரிந்தது. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறுமுகசாமி பாயில் உட்காரவில்லை.

"மாப்பிள்ளை, உங்க நூலை எடை போட்டேன். முப்பத்துநாலுதான். எம்பட கை தப்பு. கடைவீதியில எல்லாரும் கேக்கச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கறேன்."

"கேள்விப்பட்டனுங்க."

செய்தி சைக்கிளைவிட வேகமாக வந்திருந்தது. மாரப்பன் முகத்தில் வன்மம் இல்லை. தூங்காத களைப்பு இருந்தது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இரண்டு கம்பெனிகள் அவர் நூலைத் திருப்பி அனுப்பிவிட்டன. பெட்டிகள் பாய்க்குப் பக்கத்திலேயே அடுக்கியிருந்தன. அந்தப் பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி நானே போய்ப் பேசுகிறேன் என்றார் ஆறுமுகசாமி. மாரப்பன் தலையசைத்தார்.

ஜானகியம்மாள் தாம்பாளத்தை முன்னால் நகர்த்தினாள். தம்பி கையில் வாங்கினால் முடிந்தது.

மாரப்பன் தாம்பாளத்தைப் பார்த்தார். வாங்கவில்லை, தள்ளவுமில்லை. அக்காவைப் பார்த்தார். தெய்வானையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்காகத் தான் பேசக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மாரப்பன் ஆறுமுகசாமிக்கு எதிரே வந்து நின்றார். வார்த்தையில் மரியாதை குறையவில்லை.

"நூலு என்ன நம்பருன்னு தராசு சொல்லிருச்சுங்க மாமா. உங்க மச்சினன் ஏமாத்தற ஆளுன்னு நினைச்சீங்களே, அத எதுலீங்க எடை போட்டீங்க?"